முப்பத்தாறில் பதினொன்று

கல்முனைக்குடி
2025 ஏப்ரல் 8

ஹாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன். வேறு காரணம் தேட வேண்டாம்.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பாடசாலைப் பரீட்சையில். ‘புத்தகம் அனுப்பித் தருமாறு மாமாவுக்கு ஒரு கடிதம் வரைக.’ பத்துக்கு எட்டுப் புள்ளி. இத்தனை வருடத்துக்குப் பிறகு உனக்கு எழுத வேண்டி வந்திருக்கிறது. நீ ஆறு மாதத்துக்குப் போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாயாம். அவசர உலகத்திலிருந்து விலகித் தெஹிவளையில் நிதானமாக வாழ்கிறாயாம். வாப்பா மௌத்தான பிறகு வந்த முதல் பெருநாள் இது. வாப்பாவுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிற உம்மா அறைக்குள் இருந்தபடி உனக்கு எட்டுத் தடவை அழைத்தா. எட்டுத் தடவையும் ஒரு சிங்களப் பெண்பிள்ளையின் குரல்தான் கதைத்தது. சொந்த மாமியைவிட உன் நிதானம் பெரிது.

விசயத்துக்கு வருகிறேன். றிப்னாவின் கலியாணம் டிசம்பர் 28. வாப்பா மௌத்தானது ஜனவரி 23. நீ படங்கள் அனுப்பியது பெப்ரவரி கடைசியில். உறைக்குள் இருந்தவை பதினொன்று. உறையை நீளமாகக் கிழித்து விரித்துப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

அந்தப் பதினொன்றும் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தவை. நிக்காஹ் எங்கே? வாப்பா றமீஸின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுத்தது எங்கே? றிப்னாவை அறையிலிருந்து வெளியே கூட்டி வந்தது எங்கே?

நான் ஒன்பது வருடமாகக் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்கிறவள். என் தங்கச்சியின் கலியாணத்தில் என் கமராவைப் பூட்டி வைக்கச் சொன்னது நீ. “ரெண்டாயிரம் படம் எடுக்கிறாக்கள் ஒண்டையும் பாக்கிறல்ல மச்சி, எனக்கு ஒரு சுருள்ல முப்பத்தாறு காணும்” என்றாய். வாசலில் பனையோலைக் கூடை வைத்து வந்தவர்களின் போனையெல்லாம் வாங்கிப் போட்டாய். உன் அறுபது வயதுக் கமராவின் மரியாதைக்காக! றிப்னாவும் உன் பக்கம் சாய்ந்துகொண்டு, “ராத்தா, அண்டைக்கு மட்டும் நீ விருந்தாளியா இரி” என்றாள். இருந்தேன்.

கூடைக்குத் தப்பிய போன் ஒன்று இருந்திருக்கிறது. றமீஸின் சாச்சா மறைத்து வைத்து எடுத்த படம் இரண்டு கிடைத்தது. இரண்டிலும் உன் முதுகுதான் தெரிகிறது.

மிச்சம் இருபத்தைந்தையும் அனுப்பு.

றுஸ்தா


தெஹிவளை
2025 ஏப்ரல் 14

அன்புள்ள றுஸ்தா மச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதினாலும் கையெழுத்து அழகாக இருக்கிறது. மாமியிடம் என் ஸலாத்தையும் மன்னிப்பையும் சொல்லுங்கள்.

மிச்சப் படங்களைப் பற்றி: அவை நீங்கள் எதிர்பார்க்கிற விதமாக வரவில்லை. அதற்குக் காரணம் லென்ஸ். உங்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கொஞ்சம் கடினம், இருந்தாலும் முயல்கிறேன்.

நான் பாவிப்பது அறுபதுகளில் ரஷ்யாவில் செய்த லென்ஸ். திருகிப் பூட்டுகிற வகை. இன்றைய லென்ஸ்களின் கண்ணாடிக்கு மேலே ஏழெட்டு அடுக்குப் பூச்சு இருக்கும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அடக்கி ஒடுக்கி உள்ளே விடும். என்னுடையதற்கு அந்தக் காவல் இல்லை. பக்கவாட்டில் வெயில் பட்டால் அது உள்ளே புகுந்து படம் முழுக்கப் பரவும். கமராவின் வெளிச்சமானிக்கு வேண்டிய பற்றறியை இப்போது உலகத்தில் யாரும் செய்வதில்லை, ஆகவே வெளிச்சத்தைக் கண்ணால் அளக்கிறேன். நிக்காஹ் யன்னலோரம் நடந்தது. லென்ஸ் அன்றைக்கு அந்த மண்டபத்தைத் தன் விதமாகப் பார்த்தது. அதைக் குறை என்பவர்களும் உண்டு, குணம் என்பவர்களும் உண்டு.

எல்லாம் துலக்கமாகத் தெரிய வேண்டும் என்பது ஒரு தேவை. அடையாள அட்டைப் படத்துக்கு அது அவசியம்.

றிப்னாவுக்கு ஒரு நாள் இது விளங்கும்.

அன்புடன்,
ஹாதிக்


கல்முனைக்குடி
2025 ஏப்ரல் 20

ஹாதிக்,

உன் கடிதத்தை வாசித்தபோது குசினியில் நின்று சிரித்தேன். நான் சிரித்து மூன்று மாதம். அந்த நன்மை உனக்குச் சேரட்டும்.

உன் லென்ஸை நான் கலியாணத்துக்கு முதல் நாளே பார்த்துவிட்டேன். நீ குளிக்கப் போன நேரம் யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். கடற்காற்று அடிக்கிற ஊரில் அது எல்லா லென்ஸுக்கும் வருகிற நோய். அதற்குப் பயந்துதான் நான் என் சாமான்களைப் பல்பு எரிகிற அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பாணில் பூஞ்சணம் பிடித்தால் கோழிக்குப் போடுவோம். நீங்கள் அதைக் குணம் என்று சொல்லி, கழுத்தில் மாட்டிக்கொண்டு கலியாணத்துக்கு வருகிறீர்கள்.

சரி, உன் கதையையே எடுத்துக்கொள்வோம். அதே லென்ஸ். அதே மண்டபம். அதே யன்னல். இருபத்தைந்து படத்தில் கண்டதையெல்லாம் கரைத்துக் குடித்த லென்ஸ், சாப்பாட்டுக்குப் பிறகு பதினொரு படத்தில் எப்படி நல்ல பிள்ளையாக மாறியது? புரியாணி சாப்பிட்டதா?

இன்னொரு விசயம். போன கிழமை றமீஸ் வேலையாகக் கொழும்புக்குப் போனான். திரும்பி வந்து நேரே என்னிடம் வந்தான். “மச்சி, மாமாட படம் ஒரு மண்டபத்துல செவத்துல தொங்குது. ஆக்கள் கையக் கட்டிக்கிட்டுப் பாக்காங்க” என்றான். போனில் எடுத்து வந்ததையும் காட்டினான். வெள்ளைப் புகைக்குள் வாப்பா கதிரையில் இருக்கிறார். பாதி முகம்தான் இருக்கிறது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு, அதன் கீழே தமிழிலும்: ‘கரைதல்’. கீழே உன் பெயர் வாப்பாவின் தலையைவிடப் பெரிய எழுத்தில்.

அந்தப் படத்தை நாங்கள் கண்டதில்லை. உம்மா கண்டதில்லை. கொழும்பில் கூல்டிறிங்ஸ் குடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் கண்டுவிட்டார்கள்.

உன் லென்ஸ் கதையையும் சுவரில் தொங்குகிற படத்தையும் றிப்னாவுக்கு நான் சொல்லவில்லை. சொல்லாதே என்று றமீஸையும் மறித்திருக்கிறேன். நெகட்டிவ்களை அனுப்பு. பிரதி வேண்டாம், விளக்கம் வேண்டாம். அந்தச் சுருள் எனக்கு வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பு.

றுஸ்தா


தெஹிவளை
2025 ஏப்ரல் 30

றுஸ்தா மச்சிக்கு,

நெகட்டிவ்களை இத்துடன் அனுப்புகிறேன். ஆறாறு படமாக வெட்டி, ஆறு உறைகளில் இருக்கின்றன. விரல் படாமல் ஓரத்தில் பிடியுங்கள். அவற்றைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை. நெகட்டிவ் வாசிப்பது பழக்கத்தால் வருவது. போனில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவதுபோல அல்ல.

கண்காட்சியைப் பற்றி நீங்கள் கேட்ட விதம் எனக்கு வேதனையாக இருந்தது. மாமாவை நான் அவமதிக்கவில்லை. அந்தப் படத்தின் முன்னால் நின்று ஒரு வயதான சிங்களப் பெண்மணி அழுதா. உங்கள் இரண்டாயிரம் படங்களுக்கு முன்னால் நின்று யாராவது அழுதிருக்கிறார்களா?

நீங்கள் எடுத்த கலியாண அல்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மருதமுனை மணமகளும் அக்கரைப்பற்று மணமகளும் ஒரே மெழுகில் வார்த்தவர்களாக இருக்கிறார்கள். மருவை அழித்து, தழும்பை அழித்து, கறுப்பை வெள்ளையாக்கி, கடைசியில் அந்தப் பிள்ளையையே அழித்துவிடுகிறீர்கள். கழுத்தைப் பார்த்துத்தான் முகத்தின் நிறத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பூஞ்சணம் பிடித்த என் லென்ஸ் ஒருவருடைய முகத்தையும் பொய்யாக்கியதில்லை.

ஹாதிக்


கல்முனைக்குடி
2025 மே 6

ஹாதிக்,

நெகட்டிவ் கிடைத்தது. ஓரத்தில் பிடித்தேன்.

அல்பங்களைப் பற்றி நீ சொன்னதில் பாதி உண்மை. மணமகள்மாரின் மாமியார்மார் அப்படித்தான் கேட்கிறார்கள், நானும் செய்து கொடுக்கிறேன். அதை நான் கலை என்று சுவரில் தொங்கவிடவில்லை.

இனி நெகட்டிவ் வாசிப்போம். எனக்குப் பழக்கம் இல்லைதான். போன் திரையை வெள்ளையாக்கி, மேலே பிலிம் கீலங்களை வரிசையாக வைத்தேன். நீ வெறுக்கிற அதே போன்.

வெளிச்சம் பட்ட இடம் நெகட்டிவில் கறுப்பாகும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்தாம் படத்திலிருந்து இருபத்தைந்தாம் படம்வரை தார் பூசியதுபோலக் கிடக்கிறது. இருபத்தைந்தில் கறுப்பு மிக அதிகம். அங்கிருந்து பின்னோக்கிப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, முதல் நான்கு படத்தில் மங்கலாக ஆட்கள் தெரிகிறார்கள். நீ சுவரில் மாட்டியது அதில் மூன்றாவது. இருபத்தாறிலிருந்து எல்லாம் சுத்தம்.

நீ என்னை எவ்வளவு மொக்கு என்று நினைத்திருந்தால் இதை அனுப்பியிருப்பாய்! பிலிமின் இரண்டு ஓரத்திலும் சக்கரப் பல் பிடிப்பதற்கு ஓட்டைகள் இருக்கின்றன. லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் நடுவில் உள்ள செவ்வகத்தில்தான் விழும். ஓரத்துக்கு வரவே வராது, கமராவின் சட்டம் மறைத்துக்கொள்ளும். நல்ல பதினொரு படத்திலும் ஓரம் கண்ணாடிபோலச் சுத்தமாக இருக்கிறது. கெட்ட இருபத்தைந்திலும் ஓட்டைகளைத் தாண்டி விளிம்புவரை கறுப்பு. இதை எந்த லென்ஸும் செய்யாது. ரஷ்ய லென்ஸும் செய்யாது, பூஞ்சணமும் செய்யாது.

கமராவின் முதுகு திறந்திருக்கிறது. இருபத்தைந்து படம் எடுத்து முடிந்த பிறகு, உள்ளே பிலிம் இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். எடுத்து முடிந்து உருளையில் சுற்றியிருந்த பிலிமின் வெளிப்பக்கம் கருகிவிட்டது, உட்பக்கம் கொஞ்சம் தப்பியிருக்கிறது, எடுக்காத பதினொன்றும் டப்பாவுக்குள் இருந்திருக்கிறது.

யாரோ என்ன, நீதான். அறுபது வருடக் கண்ணாடி, ஏழெட்டு அடுக்குப் பூச்சு, குறை, குணம் என்று இரண்டு பக்கம் எழுதினாய். உள்ளே பிலிம் இருக்கிறதா இல்லையா என்று உனக்கு நினைவில்லை. அவ்வளவுதான் விசயம். திறந்தாய், கண்டாய், மூடினாய். பிறகு வாயில்லாத லென்ஸின் தலையில் பழியைப் போட்டாய். அதற்கும் பிறகு அந்தப் பிழையைச் சட்டம் போட்டு மாட்டினாய். மனிதன் வெட்கப்பட வேண்டிய இடத்தில் உனக்குக் கைதட்டு விழுந்திருக்கிறது.

மறுக்கிறாயா?

றுஸ்தா


தெஹிவளை
2025 மே 12

றுஸ்தா மச்சி,

ஓம். நான்தான் திறந்தேன். மறந்துபோய்த் திறந்துவிட்டேன்.

நீங்கள் நெகட்டிவை என்னைவிட நன்றாக வாசித்திருக்கிறீர்கள். றிப்னாவிடம் அப்படியே சொல்லுங்கள். என்னை ஏசட்டும்.

ஹாதிக்


கல்முனைக்குடி
2025 மே 18

ஹாதிக்,

நீ ‘ஓம்’ என்று எழுதிவிட்டாய். அது எனக்குப் போதும் என்றுதான் நினைத்தேன். நாலு நாள் போதுமாகத்தான் இருந்தது.

இரண்டு பக்கம் நியாயம் கதைக்கிற நீ, மூன்று வரியில் குற்றத்தை ஒப்புக்கொள்வாய் என்று நான் நம்பியிருக்கக் கூடாது. உன்னைப்போல் ஒருவன் செய்யாத பிழைக்குத்தான் இவ்வளவு சுருக்கமாக ‘ஓம்’ சொல்வான். செய்த பிழையென்றால் அதற்கு ஒரு தத்துவம் வந்திருக்கும்.

நேற்றுப் பதினொரு படத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறாம் படத்தில், திறந்து மூடிய பிறகு எடுத்த முதல் படத்தில், பக்கத்து அறைக் கட்டிலுக்கு முன்னால் வாப்பா தனியே நிற்கிறார். வேறு யாரும் இல்லை. கலியாண வீட்டில் பெண்ணின் வாப்பாவைத் தனியே அறைக்குள் வைத்து ஏன் எடுத்தாய்? அவருடைய முகத்தைப் பார். வயல் மிசினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூட்டத் தெரியாமல் நிற்கும்போது உம்மாவைப் பார்க்கிற பார்வை அது. பிறகு எடுத்த பத்தில் எட்டிலும் அவர் நிற்கிறார், விறைத்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. நட்டத்தை அடைக்க வந்தவர் மாதிரி.

இனி நான் சொல்ல வேண்டியது. இதை உனக்கு எழுதுவது எனக்குக் கேவலமாக இருக்கிறது. அதனால்தான் நாலு நாள் பிந்தியது.

சாப்பாட்டு நேரம் நான் வட்டிலப்பத் தட்டை எடுத்துக்கொண்டு அந்த அறையைக் கடந்து போனேன். திரை பாதி விலகியிருந்தது. உள்ளே வாப்பா உன் கமராவைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். என் கமராவின் பின்பக்கத்தில் படம் பார்த்துப் பழகிய மனிதர், உன்னுடையதில் திரையைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. எங்கே தொட்டால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். “வாப்பா, அத வைங்க” என்று ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. உடைந்தால் உடையட்டும், இவனுடைய திமிரும் அதோடு உடையட்டும் என்று நினைத்துக்கொண்டு தட்டோடு போய்விட்டேன்.

அவர் திறந்ததை நான் காணவில்லை. அதற்கு முதலே திரும்பிவிட்டேன். காணவில்லை என்றே ஐந்து மாதமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். உன்னிடம் மே 6ஆம் தேதி ‘நீதான்’ என்று எழுதும்போதும் எனக்கு மனத்துக்குள் தெரியும். நீயாக இருந்தால் நல்லது என்று எழுதினேன்.

இப்போது நடந்ததைச் சொல். தத்துவம் இல்லாமல்.

றுஸ்தா


தெஹிவளை
2025 மே 24

றுஸ்தா மச்சி,

சொல்கிறேன்.

கை கழுவிவிட்டு அந்த அறைக்குள் வந்தேன். மாமா கட்டிலோரம் நின்றார். கமரா மூடியிருந்தது. படம் சுற்றுகிற குமிழ் மட்டும் மேலே எழும்பி நின்றது. அதை மேலே இழுத்தால்தான் முதுகு திறக்கும். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

“மனே, படம் எப்பிடி வந்திரிக்கி எண்டு பாப்பமெண்டு துறந்தன். உள்ளுக்கு ஒண்டயும் காணல்லயே. நாடா மாதிரி ஒண்டுதான் கிடக்கு” என்றார்.

முகத்தை மறைக்கத் தெரியாமல் நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பழுதாப் போச்சா?”

“இல்ல மாமா. ஒண்டும் ஆகல்ல.”

“பொய் சொல்லாத. பழுதாப் போச்சி.” கட்டிலில் இருந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “றிப்னாக்கிட்டச் சொல்லாத மனே. எண்ட புள்ளைட கலியாணத்த நானே கெடுத்திட்டன் எண்டு அவட மனசுல வரப்படா. நான் மௌத்தாகினாலும் சொல்லாத.”

வல்லாஹி, சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எழும்பி நில்லுங்கள், ஒரு படம் எடுத்துக் காட்டுகிறேன், கமரா நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரை நிற்பாட்டி எடுத்தேன். அதுதான் இருபத்தாறு. அதற்குப் பிறகு நான் எங்கே கமராவைத் தூக்கினாலும் அவர் ஓடி வந்து நின்றார்.

நாலாம் நாளே என் குளியலறையில் பிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து மாமா மூன்று தடவை அழைத்தார். மூன்றாம் தடவை, ஜனவரி 20இல், “எல்லாப் படமும் வந்திரிக்கி மாமா, நீங்க றமீஸ்ட கையப் பிடிச்சதும் வந்திரிக்கி” என்று சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பிறகு, “அப்ப நான் துறந்ததால ஒண்டும் இல்ல” என்று சிரித்தார். மூன்று நாளில் மௌத்துச் செய்தி வந்தது. ஜனாஸாவுக்கு வந்தபோது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. போனை அணைத்ததும் அதனால்தான். நிதானமான வாழ்க்கை என்பது ஆட்களுக்குச் சொன்னது.

மாமாவுக்குக் கொடுத்த வாக்குக்கு ஒரே ஒரு பொய்தான் தேவைப்பட்டது. லென்ஸ் பிழைத்தது என்றால் முடிந்திருக்கும். மற்றதெல்லாம் என் சொந்த உழைப்பு. ஒரு நண்பன் அந்த மூன்றாம் படத்தைக் கண்டு ‘அற்புதம்’ என்றான். இல்லை, கமரா திறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லென்ஸ் என்றேன். அவன் இன்னொருவனுக்குச் சொன்னான். கேட்கக் கேட்க எனக்கே உண்மைபோல இருந்தது. அந்தப் பெண்மணி அழுதபோது நான் பெருமையோடு பக்கத்தில் நின்றேன். மாமாவின் வெட்கத்தை விற்றுப் பேர் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்றே போய்ப் படத்தைக் கழற்றிவிட்டேன். மண்டபத்துக்குப் பொறுப்பான பெண் காரணம் கேட்டா. “அது லென்ஸ் இல்லை, என் மாமா கமராவைத் திறந்துவிட்டார்” என்றேன். அவவுக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. அதையும் எழுதி மாட்டலாமே என்றா. படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாக்கை முறித்துவிட்டேன். நீங்கள் பார்த்ததாகச் சொல்லியிருக்காவிட்டால் முறித்திருக்கமாட்டேன். நீங்கள் வட்டிலப்பத்தோடு போனதைப் பற்றி என்னிடமிருந்து ஒரு சொல் வராது. அதைச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை.

ஹாதிக்


கல்முனைக்குடி
2025 ஜூன் 4

ஹாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மாவின் இத்தா மே 31ஆம் தேதி முடிந்தது. அன்று பின்னேரம் உம்மா, றிப்னா, றமீஸ் மூன்று பேரையும் இருத்தி உன் கடிதத்தை வாசித்தேன். வல்லாஹி என்று நீ சொன்னது உன் கணக்கு. நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

“நாடா மாதிரி ஒண்டுதான் கிடக்கு” என்ற இடம் வந்ததும் உம்மா சிரிக்கத் தொடங்கினா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நிற்பாட்ட முடியாமல் சிரித்தா. “அந்த மனிசன் கலியாணம் முடிச்ச மூணாம் நாள் எண்ட வாப்பாட செவத்து மணிக்கூட்டத் துறந்த ஆள் கா” என்றா. பிறகு சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. றமீஸ் எழும்பி வெளியே போய்விட்டான்.

நெகட்டிவ்களைப் போன் வெளிச்சத்தில் றிப்னாவுக்குக் காட்டினேன். கறுத்துக் கிடந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். வாப்பாவை மன்னிக்க அவளுக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. மன்னிப்பதற்கு ஏதும் இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “மச்சான் ஒரு விசரன். ஆனா வாப்பாக்கிட்டச் சரியாத்தான் சொல்லிரிக்காரு” என்றாள். உனக்கு அவ்வளவு மலிவாகக் கிடைத்துவிட்டது. இருபத்தைந்தையும் வெள்ளையாகவே பிரதி எடுத்து அல்பத்தில் போடச் சொன்னாள், வாப்பா செய்ததாம், இருக்கட்டுமாம். போடுகிறேன். இதையும் கலை என்று நினைத்துவிடாதே. பிள்ளை வாப்பாவை வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

என் கடிதத்தின் பிரதி என்னிடம் இருந்தது. அதையும் வாசித்தேன். வட்டிலப்பத் தட்டுவரை வாசித்தேன். வாசிக்காமல் விட்டிருக்கலாம், உன் கடைசிப் பந்தியையும் விழுங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஐந்து மாதம் அப்படித்தானே இருந்தேன்.

றிப்னா எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று நாள் கதைக்கவில்லை. எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவு என்று உனக்குத் தெரியும், நடுவில் ஒரு வேலியும் இல்லை. அவள் கிணற்றடிக்கு வருவாள், நான் நிற்பதைக் கண்டால் வாளியை வைத்துவிட்டுத் திரும்புவாள். உன்னைப் பற்றி நான் எழுதிய வசைகளையெல்லாம் அந்த மூன்று நாளும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றையும் திருப்பி எடுக்கமாட்டேன். ஆனால் எல்லாமே எனக்கும் அளவாக இருந்தன.

இன்று பகல் நான் அங்கே போனேன். றிப்னா குசினிப் படியில் இருந்து சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் போய் நின்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல், செட்டையை அறுத்துக்கொண்டே சொன்னாள்:

“நிண்டு பாக்கிறதுல நீ கெட்டிக்காரி ராத்தா. இப்பவும் நிக்காய்.”

நான் அசையவில்லை.

“இரி” என்றாள். மற்றக் கத்தியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

இருந்தேன். ஒரு மீனை எடுத்து வெட்டினேன். சட்டி நிறைந்ததும் அவள் எழும்பி உள்ளே போனாள், கதவைச் சாத்தவில்லை.

றுஸ்தா